இரண்டால் பெருக்கும் பழக்கம்

2002 ஜனவரி முடிவதற்குள், ஜேர்மனியில் என் கணக்கு அலுவலகப் படியேறிய நம்மவர்கள் எல்லோரும் ஒரே முறைப்பாட்டைத்தான் கொண்டுவந்தார்கள்: "அண்ணா, மார்க் போய் யூரோ வந்ததோடு எல்லாம் இரட்டிப்பு விலை." ஜேர்மன்காரர்களோ விலை கூடியதைக் குறிக்கும் 'டொயர்' என்ற சொல்லை யூரோவோடு ஒட்டி 'டொய்ரோ' என்றார்கள். அந்த ஆண்டின் சொல்லாக அதுவே தெரிவாயிற்று. புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்கிலோ அவ்வாண்டுப் பணவீக்கம் 1.5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

"அப்படியென்றால் அரசு பொய் சொல்கிறது" என்று மேசையில் தட்டினார் ஒருவர். நல்லவேளை, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைப்பவர். பரப்பிப் பார்த்தோம். 50 பெனிக் (அரை மார்க்) விற்ற காலைப் பணிஸ் 30 யூரோ சதமாகியிருந்தது. சரியாக மாற்றினால் 25.56 சதம்தான் வரவேண்டும். 17 சதவீத ஏற்றம்; அவருடைய கோபத்தில் தவறில்லை. உணவகங்களிலும் முடி வெட்டும் கடைகளிலும் இப்படி மேல்நோக்கி முழுமையாக்கியது நடந்ததுதான். ஆனால் நாளுக்கு நான்கு பணிஸ் வாங்கினாலும் மாதத்துக்குக் கூடுதல் செலவு ஐந்து யூரோ சொச்சம். அவருடைய 800 மார்க் வாடகை 409.03 யூரோவாக, சதம் பிசகாமல் மாறியிருந்தது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வாடகை மாதம் ஒரு முறை வங்கியிலிருந்து தானாகப் போய்விடுகிறது. பணிஸுக்குத் தினமும் காசை எண்ணிக் கொடுக்கிறோம். பணவீக்கத்தை அளக்கும் அரசின் விலைச் சுட்டெண் எவ்வளவு செலவழித்தோம் என்று பார்க்கிறது. மனமோ எத்தனை முறை பணப்பையைத் திறந்தோம் என்று எண்ணுகிறது. சுவிஸ் பிரைபூர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிராக்கிங்கர் பின்னர் இந்த மனக்கணக்கையே ஒரு சுட்டெண்ணாக அமைத்தார். அடிக்கடி வாங்கும் பொருளுக்கு அதில் எடை அதிகம். விலை இறங்கியதைவிட ஏறியதற்கு அதிகம். அந்த அளவுகோல் 2002இல் அரசுக் கணக்கைவிடப் பல மடங்கு மேலே நின்றது.

போதாக்குறைக்கு அந்த ஜனவரியில் தென் ஐரோப்பாவின் கடுங்குளிரால் காய்கறி விலையும் ஏறியது. பழி யூரோவின் தலையில்.

இன்னொரு கள்ளக் கணக்கும் இருந்தது. ஒரு யூரோ 1.95583 மார்க். யூரோ விலையை மார்க்கில் பார்க்க நாங்களோ இரண்டால் பெருக்கினோம், கணக்குப் படித்த நானும்தான். 100 யூரோவுக்கு 195.58 மார்க் என்பதற்குப் பதில் 200. கடைக்காரர் விலையைத் தொடாமலே 2.3 சதவீத ஏற்றம் எங்கள் தலைக்குள் பிறந்துவிட்டது. அந்த ஆண்டின் அசல் பணவீக்கத்தைவிட இது அதிகம்! பத்து ஆண்டுகள் கழித்தும் சிலர் 2001இன் மார்க் விலையோடு ஒப்பிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளின் வழக்கமான ஏற்றமும் யூரோவின் கணக்கில்தான் எழுதப்பட்டது.

2026 ஜனவரி 1 முதல் பல்கேரியாவிலும் யூரோ. அவர்களுடைய பழைய நாணயமான லெவ் முன்பு மார்க்கோடு கட்டப்பட்டிருந்ததால் மாற்று விகிதமும் அதே 1.95583. அந்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம், "ஊரிலுள்ள உங்கள் பெற்றோரிடம் டிசம்பர் மாதப் பற்றுச்சீட்டுகளை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள், பழைய விலையை நினைவிலிருந்து எடுக்காமல் தாளிலிருந்து எடுக்கட்டும்" என்றேன். தலையாட்டிவிட்டு, அம்மா அனுப்பிய ஒரு கடைச்சீட்டின் படத்தைக் கைபேசியில் காட்டினார். ஓரத்தில் பேனாவால் ஒவ்வொரு விலையும் இரண்டால் பெருக்கப்பட்டிருந்தது.