மாடி வீட்டு அண்ணனுக்கு இருந்தது கல்

மறுபடியும் ஒரு செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை டயாலிசிஸ் (சிறுநீரகம் வேலை செய்யாதவரின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்வது) முடித்துக்கொண்டு நன்றாக நடந்து போனவர், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கால் ரெண்டும் துவளுது டாக்டர், படி ஏற முடியல." இசிஜியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ரத்தத்தில் 5.5-க்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 7.6. இவ்வளவு ஏறினால் இதயமே நின்றுவிடலாம். கால்சியம் ஊசி, இன்சுலின், உடனே மெஷின். பிழைத்துக்கொண்டார். சென்னையின் இந்தக் கத்திரி வெயிலில் என்னிடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள்.

என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஞாயிறு இரண்டு இளநீர், திங்கள் காலை வாழைத்தண்டுச் சாறு. "மாடி வீட்டு அண்ணன் சொன்னாரு. அவருக்கும் கிட்னி பிராப்ளம், இதுலதான் சரியாச்சாம்."

அந்த அண்ணனுக்கு இருந்தது கல்! கல் உள்ளவரின் சிறுநீரகம் வேலை செய்கிறது. நிறைய குடித்தால் நிறைய போகும், அவருக்கு அது நல்லது. டயாலிசிஸில் இருப்பவர்களில் பலருக்கு நாள் முழுக்கச் சேர்த்தாலும் அரை டம்ளர் போகாது. உள்ளே போனது அடுத்த டயாலிசிஸ் வரை உள்ளேயேதான் கிடக்கும். இரண்டுக்கும் 'கிட்னி பிராப்ளம்' என்று ஒரே பெயர் வைத்ததில் வந்த வினை இது. ஒரு இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம். சோறு, குழம்பு, காய் எல்லாம் சேர்த்தே நாளுக்கு 2,000-ஐ ஒட்டி நிற்கச் சொல்கிறோம். "இயற்கைதானே டாக்டர், குளிர்ச்சிதானே" என்பார்கள். எருக்கம்பாலும் இயற்கைதான்.

இன்னும் சிலர் மெஷினில் படுத்ததும் வாழைப்பழத்தை எடுப்பார்கள், "இப்போ சாப்பிட்டா மெஷின் கழுவிடும்" என்று. அந்த 4 மணி நேரத்தில் மெஷினுக்குப் பழைய பாக்கியே நிறைய இருக்கிறது, சார்.

அப்புறம் உப்பு. 'லோ சோடியம்' பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதிலாகப் போட்டிருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். வேண்டாம். இந்துப்பும் உப்புதான், தாகம் எடுக்கத்தான் செய்யும். காயை நிறைய தண்ணீரில் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சத்து போகிறதே என்று அதில் ரசம் வைக்காதீர்கள், பொட்டாசியம் போகட்டும் என்றுதானே கொட்டச் சொல்கிறோம்!

கல்யாணம், காதுகுத்து என்று ஒரு முறைகூட டயாலிசிஸைத் தள்ளாதீர்கள். முன்னாடியே சொன்னால் ஷிஃப்ட் மாற்றித் தருகிறோம். பணம்தான் தடை என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. தயவுசெய்து வாய்விட்டுக் கேளுங்கள்.

கால் துவண்டாலோ நெஞ்சு படபடத்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தை, "டயாலிசிஸ் பேஷண்ட், கடைசியா சனிக்கிழமை செஞ்சது." இரண்டாவது, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையைக் காட்டி, "இது ஃபிஸ்டுலா கை, இதுல பி.பி. பார்க்காதீங்க, ஊசி போடாதீங்க." (புதிதாக டூட்டிக்கு வரும் பிள்ளைகள் அவசரத்தில் அகப்பட்ட கையில் பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.)

அந்த மாடி வீட்டு அண்ணனை அடுத்த முறை கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன்.