விண்வெளிப் படையைக் கலைத்து அடுக்குவது எப்படி?

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையிலுள்ள ரிசீவரைத் தொடும்போது ஏறத்தாழ ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். சில வாட் திறனுள்ள ஜாமர் போதும், பல கிலோமீட்டர் சுற்றளவுக்கு அதை அமுக்கிவிடலாம். எதிரி இப்படித் தொல்லை கொடுக்கும்போது, கோளாறைக் கண்டவரிடமிருந்து அதைச் சரிசெய்யத் தெரிந்தவரிடம் தகவல் போய்ச்சேர எத்தனை கை மாற வேண்டியிருக்கிறது? அமெரிக்க விண்வெளிப் படை தன்னைத் திருத்தியமைப்பதன் உயிர்நாடி இந்தக் கேள்விதான்.

2019 டிசம்பர் 20 அன்று பிறந்த இந்தப் படை, விமானப் படையிடமிருந்து செயற்கைக்கோள்களோடு அதன் பழக்கங்களையும் வாங்கிக்கொண்டது. இயக்குபவர்கள் ஒரு தலைமையின் கீழ். மென்பொருளைத் திருத்தும் பொறியாளர்கள் வேறொரு தலைமையின் கீழ். கொலராடோவின் ஷ்ரீவர் தளத்தில் ஷிஃப்டில் இருப்பவர் திரையில் ஒரு கோளாறைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையேட்டிலுள்ள படிகளை வரிசையாகச் செய்கிறார், சரியாகவில்லை. அடுத்து எழுத்தில் கோரிக்கை போக வேண்டும். அது இன்னொரு தலைமையகத்தில், புதிய செயற்கைக்கோள் வாங்கும் வேலைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். யாரும் தாக்காத காலத்தில் இதனால் பெரிய இழப்பில்லை. தாக்குபவர் தன் உத்தியை நாளுக்கு நாள் மாற்றும்போது இது ஆபத்து.

அதனால் 2023-இல் மின்னணுப் போர் (சிக்னல்களைக் குலைப்பதும் காப்பதும்), ஜி.பி.எஸ். ஆகிய இரண்டு பணிகளில் ‘ஒருங்கிணைந்த பணி டெல்டா’ என்ற அமைப்பைச் சோதித்தார்கள். டெல்டா என்பது இந்தப் படையில் ஒரு பிரிவின் பெயர். இயக்குபவர், பராமரிப்புப் பொறியாளர், உளவுத் தகவல் ஆய்வாளர், சைபர் பாதுகாவலர் எல்லோரும் ஒரே தளபதிக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பழுதை முதலில் பார்ப்பது என்பதை இனி அவரே முடிவுசெய்யலாம். முழு மாற்றத்திலும் இதுதான் ஆகப் பயனுள்ள பகுதி என்பேன்.

அடுத்த சிக்கல் ஆள்பலம். செயற்கைக்கோளை 24 மணி நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே குழு ஆண்டு முழுக்க ஷிஃப்டில் இருந்தால், எதிரி குறுக்கிடும்போது என்ன செய்வது என்று பயில நேரம் கிடைக்காது. இதற்காகப் படை கொண்டுவந்த புதிய பணிச் சுழற்சியில் தயாராதல், உயர்நிலைப் பயிற்சி, பணியிலிறங்குதல் என்று மூன்று கட்டங்கள். பயிற்சிக் கட்டத்தில் இருப்பவரைச் செயற்கைக்கோளை இயக்கும் கன்சோலில் உட்காரவைக்கக் கூடாது. கூடுதல் ஆட்களும் நிஜத்தை ஒத்த சிமுலேட்டரும் இல்லையென்றால் சுழற்சி காகிதத்தோடு நின்றுவிடும். ஆள் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பயிற்சிதான்.

வேகம் கைகூடும் என்பதற்கு 2023 செப்டம்பரின் ‘விக்டஸ் நாக்ஸ்’ சோதனை சாட்சி. கிடங்கிலிருந்த செயற்கைக்கோளைச் சுமார் 58 மணி நேரத்தில் ஏவுதளத்துக்குக் கொண்டுசென்று, சோதித்து, எரிபொருள் நிரப்பி, ராக்கெட்டோடு பொருத்த ஆயத்தம் செய்தார்கள். ஏவும் உத்தரவு வந்த 27 மணி நேரத்தில் ராக்கெட் கிளம்பியது. அதன்பின் 37 மணி நேரத்தில் செயற்கைக்கோள் வேலைக்குத் தயார். முன்கூட்டியே ஒத்திகை பார்த்த ஒற்றை ஏவல் என்பதை மறக்கக் கூடாது. நூற்றுக்கணக்கில் செய்யும்போது கதை வேறு: சுமார் 1,000 கி.மீ. உயரத்தில் சிறு செயற்கைக்கோள்களை விரிக்கும் திட்டத்தின் முதல் செயல்பாட்டுத் தொகுதி 2024 செப்டம்பரில் கிளம்பியிருக்க வேண்டும். லேசர் தொடர்புக் கருவிகளும் குறியாக்கக் கருவிகளும் வந்துசேரத் தாமதமானதால், 2025 செப்டம்பரில்தான் முதல் 21 ஏவப்பட்டன.

சீனாவும் சும்மா இல்லை. 2015 இறுதியில் விண்வெளி, சைபர், மின்னணுப் போர் மூன்றையும் ஒரே உத்திசார் ஆதரவுப் படையில் சேர்த்தது. 2024 ஏப்ரல் 19 அன்று அதைக் கலைத்து, விண்வெளிப் படை, சைபர் படை, தகவல் ஆதரவுப் படை என்று பிரித்து மத்திய ராணுவ ஆணையத்தின் நேரடிப் பொறுப்பில் வைத்தது. சேர்ப்பதும் பிரிப்பதும் எதிரெதிராகத் தோன்றினாலும் இங்கேயும் நடுவிலிருந்த ஓர் அடுக்குதான் போனது.

அமெரிக்க ஏற்பாட்டில் ஒரு தையல் இன்னும் பிரிந்தே இருக்கிறது. பராமரிப்பு டெல்டாவுக்குள் வந்தாலும், அடுத்த தலைமுறைச் செயற்கைக்கோளை வாங்குபவர்கள் வெளியே இருக்கிறார்கள். அவர்களை ஒவ்வொரு பணி டெல்டாவுக்கும் இணையாக அமர்த்த, 2025-இல் ‘அமைப்பு டெல்டா’க்களை உருவாக்கத் தொடங்கினார்கள்.