மூளைக்குள் நடப்பது களையெடுப்பா, கவாத்தா?

போன மாதம் கோத்தகிரியில் ஒரு மனநலக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள பிள்ளைகளின் பெற்றோர். சமவெளியிலிருந்து வந்த மருத்துவர் ஆங்கிலத்தில் பேச, பக்கத்தில் நின்ற ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் ‘சினாப்டிக் புரூனிங்’ என்ற ஒவ்வொரு தடவையும் இவர் ‘நரம்பிணைப்புக் களையெடுப்பு’ என்றார். ஏழு தடவை, எண்ணினேன். கூட்டம் கலைந்ததும், கொழுந்து பறிக்கப் போகும் ஓர் அம்மா என்னிடம் வந்து கேட்டார்: “ஏன் சார், களை எடுத்தா நல்லதுதானே? அப்புறம் எம்புள்ளைக்கு எப்படி நோவு வந்துச்சு?”

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொல்ல முடியாது. ஏற்கெனவே மருத்துவப் பத்திகளிலும் காணொளிகளிலும் இந்தக் களையெடுப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போனவன்தான் நான். இந்தத் தடவை முடியவில்லை.

முதலில் பொருள். குழந்தை பிறந்து முதல் ஓரிரு ஆண்டுகளில் மூளை தன் தேவைக்கு மேலேயே நரம்பு இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. பிறகு, பதின்பருவம் வரை, அதிகம் பயன்படாதவை மெல்ல நீங்குகின்றன. ஹட்டன்லாக்கர் என்ற நரம்பியலாளர் மனித மூளையின் முன்பகுதியில் இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிப் பார்த்து 1979-இல் எழுதினார். நீக்குகிற வேலையில் பெரும் பங்கு மைக்ரோகிளியா செல்களுக்கு. மூளையிலேயே தங்கியிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் இவை. 1919-இல் ஸ்பெயின் நாட்டு ரியோ ஓர்த்தேகா இவற்றைத் தனி வகை என்று காட்டிப் பெயர் வைத்தார். ‘கிளியா’ என்றால் கிரேக்கத்தில் பசை. உடனே ‘நுண்பசை’ என்று ஆக்கிவிட்டார்கள் நம்மவர்கள். இவை எதையும் ஒட்டுவதில்லை. சும்மா இருக்கும்போதுகூடக் கைகளை நீட்டிச் சுருக்கிச் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன என்று உயிருள்ள எலியின் மூளையில் 2005-இல் கண்டார்கள். மைக்ரோகிளியா என்றே விட்டுவிடுவது மேல்.

‘புரூனிங்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். செடியின் கிளையை நறுக்கிச் சீர்செய்வது. கடையில் விற்கும் உலர்ந்த ‘புரூன்’ பழத்துக்கும் இதற்கும் உறவில்லை. மூலம் இவ்வளவு போதும்.

இனி களையெடுப்பு. களை என்பது பயிரல்லாத வேறு செடி. அதை வேரோடு பிடுங்குவோம், ஒன்றுவிடாமல் பிடுங்கினால் பெருமைப்படுவோம். மூளையில் நீங்குவதோ அதே செடியின் சொந்தக் கிளை. நேற்றுவரை வேலை செய்த இணைப்பாகவும் இருக்கலாம். களையெடுப்பு என்று சொன்ன நொடியிலேயே நீங்கியது கெட்டது, நீக்கியவன் நல்லவன் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதைவிட மோசம், ‘களையை அளவுக்கு மீறி எடுத்துவிட்டார்கள்’ என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. மனச்சிதைவு பற்றிய கருதுகோளின் உயிரே அந்த ‘அளவுக்கு மீறி’தான்! பதின்பருவத்தில் இந்த நறுக்கல் கோளாறாகி நோய்க்கு வழிவிடுகிறதோ என்று ஃபைன்பர்க் என்ற மனநல மருத்துவர் 1982-இல் கேட்டார். கட்சியில் பிடிக்காதவர்களை வெளியேற்றுவதற்கும் இப்போது களையெடுப்பு என்றுதான் பெயர். அந்த வாசனையும் சேர்ந்துகொள்கிறது.

‘நரம்பு அழிப்பு’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது களையெடுப்பையும் நல்ல சொல்லாக்கிவிடும். ‘கத்தரிப்பு’ பரவாயில்லை, ஆனால் எனக்குத் தையல்கடைதான் நினைவுக்கு வருகிறது.

இந்த மலையில் இதற்குச் சொல் தேடி அலையவே வேண்டாம். கவாத்து. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்கள் ‘கவ்வாத்து’ என்று அழுத்திச் சொல்வார்கள். விட்டால் தேயிலை மரமாகிவிடும், கொழுந்துக்குக் கை எட்டாது. அதனால் நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை வெட்டித்தான் ஆகவேண்டும். ஆனால் மிகத் தாழ வெட்டினாலோ, பனியும் வறட்சியும் பார்க்காமல் வெட்டினாலோ செடி பட்டுப்போகும். தேவையான வேலை, அளவு உண்டு, காலம் உண்டு, தப்பினால் கேடு: நான்கும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அந்த அம்மாவிடம் “கவாத்து கொஞ்சம் ஓவராப் போயிருக்கலாம்னு சொல்றாங்கம்மா” என்றதும், “ஓ, கவாத்தா!” என்றார். மேற்கொண்டு விளக்கவில்லை நான்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் உடனே சண்டைக்கு வந்தார். போலீஸ் மைதானத்துக் கவாத்து, விதிகள் என்று பொருள்படும் அரபுச் சொல் உருது வழியாக வந்தது. தோட்டத்துக் கவாத்தையும் அதே கணக்கில் எழுதித் தள்ளிவிடுகிறார் அவர். இருக்கட்டுமே! தோட்டக்கலைத் துறைத் துண்டறிக்கை முதல் தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரை புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டு, யாருக்கும் புரியாத தூய சொல்லால் நோயாளியின் வீட்டில் என்ன விளக்கு எரியப் போகிறது?

நான் மேலே சொன்ன வாக்கியத்தில் ஒரு ‘லாம்’ இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான். சி4 என்ற நோயெதிர்ப்பு மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவின் அபாயத்தைக் கூட்டுகின்றன, எலிகளில் அது இணைப்பு நீக்கத்தில் பங்கெடுக்கிறது என்று 2016-இல் வந்த ஆய்வு, கவாத்துக் கருத்துக்குப் பெரிய பலம். ஆனால் மைக்ரோகிளியாவை அடக்கும் என்று நம்பி, மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையைத் தொடக்கநிலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2018-இல் பலனில்லை என்றது. மனச்சோர்விலும் இதே கதை. டொரன்டோவில் 20 நோயாளிகளையும் 20 நலமானவர்களையும் ஸ்கேன் செய்து, மைக்ரோகிளியா கிளர்ந்திருப்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளும் டிஎஸ்பிஓ என்ற புரதம் நோயாளிகளிடம் கூடுதல் என்று 2015-இல் எழுதினார்கள். ஆனால் அந்தப் புரதம் மைக்ரோகிளியாவில் மட்டும் இருப்பதல்ல. மனச்சிதைவில் அதே வகை ஸ்கேன்கள் ஒன்றுக்கொன்று முரணாகவே சொல்கின்றன. இவ்வளவும் தமிழுக்கு வரும்போது ‘மூளை வீக்கமே காரணம்’ என்று ஆகிவிடுகிறது. வீக்கமும் அழற்சியும் வேறு வேறு என்பது இன்னொரு நாள் சண்டை.

கவாத்திலும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. தோட்டத்தில் மேஸ்திரி நின்று எந்த உயரத்தில் வெட்டுவது என்று காட்டுவார், மூளையில் அப்படி யாரும் இல்லை. அந்த அம்மா அடுத்துக் கேட்டதும் அந்தக் குறையைத்தான் தொட்டது: “வெட்டின எடத்துல திரும்பத் துளிர்க்குமா சார்?” எந்த வயதிலும் புதிய இணைப்புகள் உண்டாகத்தான் செய்கின்றன என்றேன். எத்தனை மாதத்தில் என்று கேட்டார். தேயிலைக்குச் சொல்வதுபோல் கணக்குச் சொல்ல முடியாதும்மா, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மற்றதை டாக்டரிடம் கேளுங்கள் என்றேன். டாக்டரின் ஜீப் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தது.