புதிய விளையாட்டு அரங்கத்துக்கு நகரம் பணம் போடலாமா? குத்தகை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

புதிய அரங்கத் திட்டம் ஒன்று அறிவிக்கப்படும்போது மக்கள் முன் வைக்கப்படுபவை மூன்று: கட்டடத்தின் வண்ணப் படம், மொத்தச் செலவு என்று ஓர் எண், இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று இன்னோர் எண். நகர நிர்வாகத்தின் பணம் எங்கே போகிறது, எப்போது திரும்பும், திரும்பாவிட்டால் யார் கட்டுவது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட குத்தகை ஒப்பந்தத்தில் இருக்கும். அந்த ஒப்பந்தமோ, நகர மன்றம் வாக்களிக்கச் சில நாட்களே இருக்கும்போதுதான் பெரும்பாலும் வெளியே வரும். நகரங்கள் நட்டப்பட்ட கதைகளை எடுத்துப் பார்த்தால், ஓட்டை பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் இருந்திருக்கிறது.

முதலில் கடன் கணக்கு. நகரத்தின் பங்கு 100 கோடி என்று அறிவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது கையிருப்பிலிருந்து வருவதில்லை. கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டுவார்கள். 6 சதவீத வட்டி, 30 ஆண்டு, சமத் தவணை என்றால் ஆண்டுக்கு சுமார் 7.26 கோடி கட்ட வேண்டும். மொத்தம் 218 கோடி. முதல் ஆண்டுத் தவணையில் 6 கோடி வட்டிக்கே போய்விடும். 10 ஆண்டு கட்டிய பிறகும் அசலில் 83 கோடி பாக்கி நிற்கும். 20 ஆண்டு முடியும்போதும் 53 கோடிக்கு மேல் பாக்கி. இந்த 20 ஆண்டு என்ற எல்லை முக்கியம். பெரும்பாலான அணிகள் ‘அரங்கம் பழசாகிவிட்டது, புதிது வேண்டும்’ என்று கேட்கத் தொடங்குவது அந்தச் சமயத்தில்தான். சியாட்டிலின் கிங்டோம் 1976-ல் திறக்கப்பட்டு 2000-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் கடன் தீர்ந்ததோ 2015-ல். இல்லாத கட்டடத்துக்கு 15 ஆண்டு தவணை.

சமத் தவணை என்பதே நல்ல நிலைமைதான். ‘முதல் சில ஆண்டுகளுக்குத் தவணை வேண்டாம், வட்டியை அசலோடு சேர்த்துக்கொள்வோம்’ என்ற வகைப் பத்திரங்களும் உண்டு. மயாமியில் 2012-ல் திறக்கப்பட்ட பேஸ்பால் அரங்கத்துக்கு வாங்கிய கடன்களில் 9.1 கோடி டாலர் பகுதி ஒன்று இப்படிப்பட்டது. அது தீரும்போது கட்டியிருக்கும் தொகை சுமார் 120 கோடி டாலர். எனவே ‘எவ்வளவு கடன்’ என்பதோடு கேள்வியை நிறுத்திவிடக் கூடாது. ஆண்டுவாரியான தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பின்னாட்களில் தவணை ஏறிக்கொண்டே போனால், இன்றைய மன்றம் தன் சுமையை அடுத்த தலைமுறை மன்றத்தின் தோளில் ஏற்றுகிறது என்று பொருள்.

வேலைவாய்ப்பு எண்ணை எப்படிச் சரிபார்ப்பது

ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையில் ‘ஆயிரம் வேலைகள்’ என்று இருந்தால், அது ஆட்ட நாளில் மட்டும் வேலைக்கு வரும் ஆயிரம் பேரா, ஆயிரம் முழுநேர வேலையா என்று பாருங்கள். கூடைப்பந்து அணி ஒன்று வட அமெரிக்கத் தொடரில் சொந்த அரங்கில் 41 ஆட்டம் ஆடும். ஓர் ஆட்டத்துக்கு 1,000 பேர், ஆளுக்கு 6 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 2,46,000 மணி நேரம். ஒரு முழுநேர ஊழியரின் ஆண்டு வேலை சுமார் 2,000 மணி நேரம். ஆக, ஆயிரம் வேலை என்பது உண்மையில் 123 வேலை. கட்டுமான வேலைகள் இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். அவற்றை நிரந்தர வேலையோடு கூட்டிக் காட்டியிருந்தால் அந்த அறிக்கையை மேற்கொண்டு நம்ப வேண்டியதில்லை.

‘பொருளாதாரத் தாக்கம்’ என்ற தொகையிலும் இதே கோளாறு உண்டு. நகரத்திலேயே வாழும் குடும்பம் ஆட்டத்துக்குச் செலவழிக்கும் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. அந்த வாரம் சினிமாவுக்கோ உணவகத்துக்கோ போயிருக்க வேண்டிய பணம் அது. இடம் மாறிய செலவைப் புதிய செலவாக எழுதினால் தாக்கம் ஊதிக்காட்டும். வெளியூரிலிருந்து வருபவர்களின் செலவு மட்டுமே புதியது; அவர்களிலும், வேறு காரணத்துக்காக எப்படியும் வந்திருக்கக்கூடியவர்களைக் கழிக்க வேண்டும். மேலும், டிக்கெட் வருமானத்தின் பெரும்பகுதி வீரர்களுக்கும் உரிமையாளருக்கும் போகிறது. அவர்களில் பலர் அந்த நகரத்தில் செலவழிப்பதே இல்லை. ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் 1997-ல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுகள், எந்த அரங்கமும் போட்ட பொதுப்பணத்துக்கு ஏற்ற வருமானத்தைத் தரவில்லை என்றன. அதன்பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. பொருளாதார அறிஞர்கள் இவ்வளவு ஒத்துப்போகும் கேள்விகள் அதிகம் இல்லை.

எத்தனை நாள் விளக்கு எரியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சொந்த அரங்கில் வழக்கமான தொடர் ஆட்டம் 8 அல்லது 9. மற்ற நாட்களில் 60,000 பேர் அமரும் திறந்தவெளி அரங்கத்துக்கு வாடகைக்காரர் கிடைப்பது கடினம். 15,000 முதல் 20,000 பேர் அமரும் மூடிய அரங்கத்தில் ஆட்டங்களுக்கு நடுவே இசை நிகழ்ச்சி, கண்காட்சி, மாநாடு நடத்தலாம். ஆகவே நகரம் பணம் போட்டே தீர வேண்டும் என்றால் மூடிய அரங்கம் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆனால் ஆட்டமில்லாத நாட்களின் வருமானமும் அணிக்கே என்று ஒப்பந்தம் சொன்னால் அந்த அனுகூலமும் போயிற்று.

குத்தகையின் ஓட்டைகள்

வாடகையைவிட, பழுதுபார்க்கும் செலவு யாருடையது என்ற பிரிவை முதலில் படிக்க வேண்டும். அன்றாடப் பராமரிப்பு அணியின் பொறுப்பு என்று எழுதிவிட்டு, ‘மூலதனப் பழுது’ நகரத்தின் பொறுப்பு என்று தள்ளிவிடுவது வழக்கம். அந்த இரண்டாவது சொல்லுக்குள்தான் பெரிய செலவெல்லாம் இருக்கிறது: மேற்கூரையின் நீர்த்தடுப்புப் படலம், குளிர்விப்பு இயந்திரங்கள், லிஃப்ட், இருக்கைகள், ராட்சத ஸ்கோர்போர்டு, ஒலி அமைப்பு. திரையும் ஒலியும் 10 ஆண்டில் பழசாகிவிடும். இருக்கை 15 முதல் 20 ஆண்டு. கூரைப் படலமும் குளிர்விப்பானும் 20 முதல் 25 ஆண்டு. இவை வரிசையாக வந்து விழும்போது அரங்கக் கடனில் பெருந்தொகை பாக்கி இருக்கும். முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு டிக்கெட்டிலும் சிறு தொகையைப் பிடித்துத் தனிக் கணக்கில், பழசானவற்றை மாற்றுவதற்கான நிதியாகச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். இந்த நிதி இல்லாத ஒப்பந்தத்தில், கூரை ஒழுகும் நாளில் பள்ளிக்கும் சாலைக்கும் உரிய பணம்தான் எடுக்கப்படும்.

அதைவிட ஆபத்தானது ‘மற்ற அரங்கங்களுக்கு இணையான தரம்’ என்ற வாசகம். படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும். செயின்ட் லூயிஸ் நகரத்தின் அமெரிக்கக் கால்பந்து அரங்கம் 1995-ல் திறக்கப்பட்டபோது, குறிப்பிட்ட ஆண்டுகளில் அது தொடரின் அரங்கங்களில் முதல் கால்பங்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி குத்தகையிலிருந்து விடுபடலாம் என்று எழுதப்பட்டிருந்தது. வேறு நகரங்கள் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போனதால், கட்டடம் கெடாமலேயே தரவரிசையில் பின்தங்கியது. 2013-ல் ஒப்பந்தத் தகராறை விசாரித்த நடுவர் குழு அணி பக்கம் தீர்ப்பளித்தது. 2016-ல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. கடன் தவணை மட்டும் தொடர்ந்தது. பிறகு வழக்குப் போட்டு 2021-ல் 79 கோடி டாலர் சமரசத் தொகை வாங்கினார்கள் என்பது வேறு. எல்லா நகரத்துக்கும் அப்படி வாய்க்காது. சின்சினாட்டியை உள்ளடக்கிய ஹாமில்டன் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), 1996-ல் அரை சதவீத விற்பனை வரிக்கு மக்கள் ஒப்புதல் வாங்கி இரண்டு அரங்கங்கள் கட்டியது. அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியின் குத்தகையில், இனிமேல் கண்டுபிடிக்கப்படப்போகும் கருவிகளைக்கூட நிர்வாகமே வாங்கித் தர வேண்டும் என்று இருந்தது. வரி வசூல் கணிப்பைவிடக் குறைந்தபோது, வாக்காளர்களுக்கு உறுதியளித்த சொத்து வரிச் சலுகை வெட்டப்பட்டது.

இலாபப் பங்கு பற்றிய பிரிவில் ‘இலாபம்’ என்ற சொல்லின் விளக்கத்தைத் தேடுங்கள். மயாமி அணி 2017-ல் 120 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. உரிமையாளர் விற்றால் இலாபத்தில் 5 சதவீதம் பொதுக் கணக்குக்கு என்று ஒப்பந்தம் இருந்தும், கடன், வரி, கட்டணம் எல்லாம் கழித்தபின் இலாபமே இல்லை என்று கணக்குக் காட்டினார்கள். வழக்குக்குப் பிறகு 2021-ல் கிடைத்தது 42 லட்சம் டாலர். விற்பனை விலையில் நேரடியாக இத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

அணி ஊரைவிட்டுப் போகாது என்ற உறுதியும் தனிப் பத்திரமாக வேண்டும். கடன் தீரும் நாள்வரை அது நீடிக்க வேண்டும். மீறினால் பாக்கி அசல் முழுவதையும் அணி கட்ட வேண்டும். அணி திவாலானால் என்ன என்பதும் அதில் இருக்க வேண்டும். அரிசோனாவின் கிளெண்டேலில் 2003-ல் அரங்கம் திறந்தது. 2009-ல் அங்கே ஆடிய ஐஸ் ஹாக்கி அணி திவால் மனு போட்டது. அணியைத் தக்கவைக்க நகரம் அடுத்தடுத்த பருவங்களுக்கு 2.5 கோடி டாலர் வீதம் கொடுத்தது. வாடகை வாங்க வேண்டிய நகரம் வாடகைக்காரருக்குப் பணம் கொடுத்த நிலை அது.

நல்ல முன்மாதிரியும் உண்டு. மான்செஸ்டர் நகரம் 2002 காமன்வெல்த் போட்டிகளுக்கு அரங்கம் கட்டும்போதே, போட்டி முடிந்ததும் ஓடுதளத்தைத் தோண்டியெடுத்துக் கால்பந்து அரங்கமாக மாற்றுவது என்று வரைபடத்தில் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் கழகம் குடிவந்தது. வாடகையை, கழகத்தின் பழைய மைதானம் கொள்ளும் கூட்டத்துக்கு மேல் வரும் டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு என்று கட்டினார்கள். புதிய அரங்கத்தால் கழகத்துக்கு எது கூடுதலாகக் கிடைக்கிறதோ, அதில் நகரத்துக்குப் பங்கு, நியாயமான கணக்கு. இலண்டனின் ஒலிம்பிக் அரங்கத்தில் நேர்மாறாக நடந்தது. போட்டி முடிந்த பிறகு மாற்றியமைக்க 19 கோடி பவுண்டு என்ற மதிப்பீடு 32.3 கோடியாக ஏறியது. இருக்கைகளை நகர்த்த ஆண்டுக்கு 3 இலட்சம் பவுண்டு ஆகும் என்று போட்ட கணக்கு 80 இலட்சத்தை எட்டியது. கால்பந்துக் கழகத்தின் வாடகையோ தொடக்கத்தில் ஆண்டுக்கு 25 இலட்சம் பவுண்டு.

எந்த வரியிலிருந்து பணம்

ஹோட்டல் அறை வரியிலிருந்து எடுத்தால் வெளியூர்க்காரர்கள்தானே கட்டுகிறார்கள் என்பார்கள். ஓரளவு உண்மைதான். லாஸ் வேகஸ் அரங்கத்துக்கு 75 கோடி டாலர் அப்படித்தான் வந்தது. ஆனால் 2020-ல் பெருந்தொற்றால் அறைகள் காலியானதும் அந்த வருமானம் சரிந்து, இருப்பு நிதியிலிருந்து எடுக்க நேர்ந்தது. அறை வரியை நம்பும் நகரம் குறைந்தது ஓராண்டுத் தவணையைத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். அரங்கத்தைச் சுற்றி நில மதிப்பு உயரும், அந்த உயர்வின் சொத்து வரியை அடகு வைத்துக் கடன் வாங்குவோம் என்ற முறையில், அரங்கம் வராவிட்டாலும் உயர்ந்திருக்கக்கூடிய மதிப்பையும் சேர்த்து அடகு வைத்துவிடுகிறார்கள். பொது விற்பனை வரி எல்லாவற்றிலும் மோசம்: ஆட்டத்தையே பார்க்காத ஏழைக் குடும்பம் தன் வருமானத்தில் பணக்காரரைவிட அதிகப் பங்கைக் கட்டும். டிக்கெட்டிலும் பார்க்கிங்கிலும் விதிக்கும் வரி, பயன்படுத்துபவரிடமே வசூலிக்கிறது. அதைப் போட்டால் கூட்டம் குறையும் என்று அணி மறுத்தால், கூட்டத்தைப் பற்றி அது கொடுத்த கணிப்பை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1986 வரிச் சட்டப்படி, அணி பயன்படுத்தும் அரங்கத்தின் கடன் தவணையில் 10 சதவீதத்துக்கு மேல் அரங்க வருமானத்திலிருந்து கட்டினால் கடன் பத்திரத்தின் வட்டிக்கு உள்ள வரிவிலக்கு போய்விடும். மானியத்தைக் குறைக்க நினைத்துப் போட்ட விதி, நகரங்கள் வாடகையைக் குறைத்துக்கொண்டு பொது வரியை அடகு வைப்பதில் போய் முடிந்தது.

நகரம் பணமே போடக் கூடாதா? பெரும்பாலான திட்டங்களில் ரொக்கமாகப் போடக் கூடாது என்பதே சரியான பதில். சாலை, வடிகால், ரயில் இணைப்பு போன்றவற்றுக்குச் செலவழிக்கலாம். அணி போனாலும் அவை ஊருக்கு மிஞ்சும். நிலத்தை விற்காமல் சந்தை வாடகைக்கு விடலாம். அணி நகரத்துக்குத் தரும் மகிழ்ச்சிக்கும் பெருமைக்கும் மதிப்பில்லை என்று யாரும் சொல்லவில்லை. பூங்காவுக்குச் செலவழிப்பதைப் போல, ‘இது இலாபம் தராது, ஆண்டுக்கு இவ்வளவு ஆகும், விருப்பமா’ என்று விலையைச் சொல்லி மக்களிடம் கேட்கலாம். விலை சொல்லிக் கேட்டால் மக்கள் தெளிவாகவே பதில் சொல்கிறார்கள். கன்சாஸ் சிட்டி இருக்கும் ஜாக்சன் கவுண்டியில் 2024 ஏப்ரலில் அரங்கங்களுக்கான விற்பனை வரியை வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

வாக்களிப்புக்கு முன் கேட்க வேண்டிய தாள்கள் இவை: கையெழுத்தாகப்போகும் இறுதி வரைவு, இணைப்புகள் உட்பட, ஆண்டுவாரித் தவணை அட்டவணை, கட்டுமானச் செலவு கூடினால் யார் ஏற்பது என்ற பிரிவு, நிலத்தடி ஆய்வு அறிக்கை, அணியின் பணம் எப்போது உள்ளே வரும் என்ற கால அட்டவணை. கடைசியை விட்டுவிடாதீர்கள். நகரத்தின் பணம் முதலில் செலவாகி, அணியின் பணம் பின்னால் வரும் என்று இருந்தால், நடுவில் வேலை நின்றுபோனால் பாதிக் கட்டடம் நகரத்தின் கையில் இருக்கும். இரண்டு பணமும் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரே விகிதத்தில் போக வேண்டும். வடிவமைப்பில் அணி கேட்கும் மாற்றங்களுக்கு முழுச் செலவும் அணியுடையது என்று தனி வரியாக எழுதுங்கள். மாண்ட்ரியலில் 13.4 கோடி கனடிய டாலர் என்று தொடங்கிய ஒலிம்பிக் அரங்கம் 100 கோடியைத் தாண்டியது. 1976 போட்டிக்கான கடன் தீர்ந்தது 2006-ல்.

எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு தேதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள்: குத்தகை முடியும் ஆண்டு, கடன் முடியும் ஆண்டு. முதலாவது முன்னால் வந்தால், ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பலாம்.