ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லையா? அந்த நட்டில் கை வைக்காதீர்கள்

ஹேண்ட் பிரேக் லிவர் பத்துக் கிளிக் ஏறியும் மேட்டில் வண்டி நிற்கவில்லை. உடனே என்ன நடக்கிறது? லிவருக்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றி, கேபிள் நட்டை நாலு சுற்று முறுக்கி, "சரியாகிவிட்டது, எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். ஐந்து நிமிட வேலை. லிவர் நாலாவது கிளிக்கிலேயே விறைத்து நிற்கும், ஓட்டுபவருக்கும் திருப்தி. கொஞ்ச நாளில் அதே வண்டி திரும்பி வரும். ஒரு பின்சக்கரத்தின் அருகே கை கொண்டுபோக முடியாத சூடு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் உள்பக்கப் பேடில் இரும்புத் தகடு மட்டும் மிச்சம், டிஸ்க் நீலம் பாய்ந்து கிடக்கும். ஹேண்ட் பிரேக்கோ முன்பைவிட மோசம். நட்டைப் பார்த்தால் மரை முடியும் இடம் வரை ஏற்றி வைத்திருப்பார்கள். இப்படி வரும் வண்டிகளுக்கு ஓய்வே இல்லை.

"கேபிள் நீண்டுவிட்டது" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் காரணம். எஃகு வயர் கேபிள் புதிதில் கொஞ்சம் இளகும், அத்தோடு சரி. வருடா வருடம் ரப்பர் மாதிரி நீள்வதில்லை. லிவர் அதிகமாக ஏறுகிறது என்றால், கேபிளின் மறுமுனையில், அதாவது சக்கரத்தில், ஏதோ ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பின்பக்க டிஸ்க் பிரேக் உள்ள பல கார்களில் கால் பிரேக்குக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் ஒரே காலிப்பர்தான், அதாவது பேடுகளை டிஸ்க்கின் மேல் அமுக்கும் கவ்வி. காலிப்பரின் பின்புறம் ஒரு சின்னக் கை இருக்கும். கேபிள் அதை இழுக்கும். அந்தக் கை உள்ளே ஒரு தண்டைத் திருப்பி, பிஸ்டனை வெளியே தள்ளும். பேட் தேயத் தேய இடைவெளி கூட வேண்டும் அல்லவா? கூடுவதில்லை. பிஸ்டனுக்குள் மரை போட்ட ஒரு அட்ஜஸ்டர் இருக்கிறது. கால் பிரேக்கை அழுத்தும்போது, தேய்ந்த அளவுக்கு அது தானே சுற்றி இடைவெளியை ஈடுகட்டிவிடும். இதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: ஹேண்ட் பிரேக் விட்டிருக்கும்போது காலிப்பரின் கை முழுசாகத் திரும்பி, தன் தடுப்பில் முட்டி நிற்க வேண்டும்.

கேபிள் நட்டை முறுக்கினால் முதலில் கெடுவது இந்த நிபந்தனைதான். கை தடுப்புக்கு வராமல் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அட்ஜஸ்டர் வேலை செய்யாது. கையின் மொத்த நடையில் ஒரு பங்கு நட்டிலேயே செலவாகிவிட்டதால், பேட் தேயும்போது மிச்ச நடையும் தீர்ந்துபோகும். லிவர் கல்லாக இருக்கும், ஆனால் டிஸ்க்கைப் பிடிக்கும் அழுத்தம் இருக்காது. அப்போது மறுபடி நட்டு, மறுபடி முறுக்கு. டிரம் பிரேக்கிலும் இதே கதைதான். அங்கே காலிப்பருக்குப் பதில் டிரம்மை உள்ளிருந்து அமுக்கும் ஷூவும், அதன் இடைவெளியைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரமும். கேபிள் நட்டு என்பது எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகத் தொடவேண்டிய ஒன்று. இதை எத்தனை தடவை சொன்னாலும் ஸ்பேனர் நேரே அங்கேதான் போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டால் ஹேண்ட் பிரேக் விட்டாயிற்று என்று நம்பாதீர்கள். அந்த விளக்குக்கு லிவர் கீழே வந்தது மட்டுமே தெரியும். சக்கரத்தில் பேட் விட்டதா, பிடித்துக்கொண்டு இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

சரி, எது கெட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் துப்பு சூடு. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, கியரிலேயே வேகத்தைக் குறைத்து நிறுத்தி, பின்சக்கரங்கள் இரண்டின் சூட்டையும் ஒப்பிடுங்கள். கையால் தொட வேண்டாம், இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். அதையும் பளபளக்கும் டிஸ்க் முகத்தில் பிடிக்காதீர்கள். மினுங்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். துரு படிந்த நடுப்பகுதியிலோ காலிப்பர் உடம்பிலோ பிடியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், சூடான பக்கம் விடாமல் பிடிக்கிறது, அல்லது குளிர்ந்த பக்கம் பிடிக்கவே இல்லை. டிஸ்க் முகம் துருவேறிக் கிடந்தால் இரண்டாவது.

அடுத்து வண்டியைத் தூக்க வேண்டும். தயவுசெய்து இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பின்பக்கம் தூக்கி, ஹேண்ட் பிரேக்கையும் விட்டுச் செய்யும் வேலை இது. வண்டியைப் பிடித்து வைக்க வேறு எதுவும் கிடையாது. சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்சக்கர இழுவை வண்டியில் பின்பக்கம் தூக்கிவிட்டால் கியரோ 'பி' நிலையோ வண்டியைப் பிடிக்காது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவரை யாராலும் காப்பாற்ற முடியாது.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தம் சகஜம். சுற்றவே கஷ்டமாக இருந்தால், காலிப்பரின் பின்னால் இருக்கும் கையைத் தடுப்பை நோக்கித் தள்ளுங்கள். தள்ளியதும் சக்கரம் சுற்றினால் கோளாறு கேபிளிலோ அந்தக் கையின் தண்டிலோ இருக்கிறது. எது என்று பிரித்தறிய, கேபிளின் கொக்கியைக் கழற்றிவிடுங்கள். கை சட்டென்று ஸ்பிரிங்கோடு திரும்பினால் குற்றவாளி கேபிள். திரும்பாமல் அங்கேயே நின்றால் தண்டு துருப்பிடித்து இறுகிவிட்டது.

கை தடுப்பில்தான் இருக்கிறது, ஆனாலும் சக்கரம் சுற்றவில்லையா? காலிப்பரில் காற்று எடுப்பதற்கென்று இருக்கும் பிளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, நிப்பிளை அரைச் சுற்று திறவுங்கள். திறந்ததும் சக்கரம் விடுபட்டால் பிரேக் ஆயிலின் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது. ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உரிந்து ஒருவழிப் பாதையாகிவிட்டிருக்கும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரிதான் தெரியும். அபூர்வமாக, பெடலை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டன், காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைட் பின், அல்லது பேட் உட்காரும் பிராக்கெட்டில் பேட் சிக்கியிருப்பது.

பேடுகளே பாதி கதையைச் சொல்லிவிடும். உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் கனமாக இருந்தால் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது. காலிப்பர் நகர முடியாமல் பிஸ்டன் பக்கம் மட்டும் உழைத்திருக்கிறது. ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுக்கம். ஒரு சக்கரத்தில் இரண்டு பேடும் சமமாகத் தீர்ந்திருந்தால் கை திரும்பவில்லை, அல்லது பிஸ்டன் இறுகியிருக்கிறது. இரண்டு சக்கரத்திலும் அப்படியென்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த நட்டைத்தான்.

இனி பழுதுபார்ப்பது. முதல் வேலை, கேபிள் நட்டை முழுக்கத் தளர்த்துவது. காலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள்; ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். ஸ்லைட் பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, துரு இருந்தால் மாற்றுங்கள். சில வண்டிகளில் இரண்டு பின்களில் ஒன்றுக்கு மட்டும் ரப்பர் வளையம் இருக்கும். மேலிருந்தது மேலே, கீழிருந்தது கீழே. மாற்றிப் போட்டால் மறுபடி இறுகும். கிரீஸ் விஷயத்தில் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது: வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை இங்கே பூசாதீர்கள். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் உப்பிப்போகும், ஸ்லைட் பின் முன்பைவிட இறுகும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் அல்லது சிந்தெடிக் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சு.

பிராக்கெட்டில் பேடின் காது உட்காரும் இடத்தில் ஒரு மெல்லிய தகடு கிளிப் இருக்கும். அதைக் கழற்றி அடியில் பாருங்கள். துரு பொருக்காக வளர்ந்து கிளிப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும், பேட் அதில் சிக்கிக்கொள்ளும். கம்பி பிரஷ், தேவைப்பட்டால் அரம், புதுக் கிளிப். பேட் விரல் அழுத்தத்தில் சறுக்க வேண்டும். சுத்தியால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் சுத்தமாகவில்லை. பிரேக் தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பேடின் உராயும் பகுதி 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்கின் குறைந்தபட்ச கனம் அதிலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

பிஸ்டனை உள்ளே அனுப்புவதில்தான் நல்ல காலிப்பர்கள் கொல்லப்படுகின்றன. முன்சக்கரம் மாதிரி சி-கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் மரை நசுங்கிவிடும். இந்த வகை பிஸ்டனை அதற்கான கருவியால் அழுத்திக்கொண்டே திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழி, சில வண்டிகளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் இடஞ்சுழி. போகாவிட்டால் பலத்தைக் கூட்டாமல் கையேட்டைப் பாருங்கள். திருகும்போது டஸ்ட் பூட், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை, முறுக்கிக்கொள்ளும், அதை நேராக்கிவிடுங்கள். கடைசியில் பிஸ்டன் முகத்தில் உள்ள பள்ளத்தையும் உள்பேடின் முதுகில் இருக்கும் குமிழையும் பொருத்த வேண்டும். குமிழ் பள்ளத்தில் உட்காராவிட்டால் பேட் சாய்ந்து நிற்கும். அட்ஜஸ்டர் சுற்றும்போது பிஸ்டனும் கூடவே சுற்றி, ஹேண்ட் பிரேக் ஒருநாளும் நிமிராது. பேட் மாற்றிய மறுநாளே ஹேண்ட் பிரேக் போய்விட்டது என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கையின் தண்டு இறுகியிருந்தால் ஸ்பிரே அடித்து ஆட்டிவிட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரம் வேலை செய்யும். ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் இறங்கிய தண்டு அது, மறுபடி இறுகும். காலிப்பரை மாற்றுங்கள். உறை கிழிந்த கேபிளும் அப்படியே. எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்க முடியாது.

புதுக் காலிப்பர் போடும்போது நிப்பிள் மேல்பக்கம் வருகிறதா பாருங்கள். கீழே இருந்தால் இடது வலது மாறிவிட்டது. நிப்பிளைத் திறந்து ஆயிலிலிருந்து எத்தனை முறை காற்று எடுத்தாலும் மேலே தங்கிய காற்று போகாது, பெடல் பஞ்சாகவே இருக்கும். ஹோஸ் போல்ட்டின் இரண்டு செம்பு வாஷரும் புதுசாகப் போடுங்கள். காற்று எடுத்து முடியும்வரை ஆயில் டப்பா காலியாக விடாதீர்கள். ஆயில் எது என்பது டப்பாவின் மூடியிலேயே இருக்கும். டாட் 3, டாட் 4 என்ற இரண்டு வகை பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பட்டன் வைத்த எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் ஸ்கேனரில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் காலிப்பரைத் தொடாதீர்கள். மோட்டாருக்கு நேரடியாக பேட்டரி கொடுத்துச் சுற்றுவது சாமர்த்தியம் இல்லை; எங்கே நிற்க வேண்டும் என்று அந்த மோட்டாருக்குத் தெரியாது.

எல்லாம் மாட்டியாயிற்று. இப்போதும் நட்டு இல்லை! இன்ஜினை ஓட விட்டு, பெடல் கெட்டிப்படும்வரை அழுத்தி அழுத்தி விடுங்கள். இதைச் செய்யாமல் வண்டியை நகர்த்தினால் முதல் அழுத்தலில் பெடல் தரைக்குப் போகும், எதிரே சுவர்தான் நிறுத்தும். பெடல் கெட்டியானபின் இரண்டு காலிப்பரின் கைகளும் தடுப்பில் முட்டுகின்றனவா என்று பாருங்கள். பிறகு கேபிள் நட்டை, கைகள் அசையப்போகும் இடம் வரை மட்டும் முறுக்கி, அங்கிருந்து அரைச் சுற்று பின்வாங்குங்கள். லிவரை ஐந்தாறு முறை நன்றாக இழுத்து விட்டு, மறுபடி சரிபாருங்கள். கிளிக் எண்ணிக்கை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். விட்ட நிலையில் சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும். இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே கிளிக்கில் பிடிக்கத் தொடங்க வேண்டும். ஒரு பக்கம் பிந்தினால் நட்டில் சமாளிக்காதீர்கள், அந்தப் பக்கத்தைத் திரும்பக் கழற்றுங்கள்.

புதுப் பேட் என்றால் போக்குவரத்து இல்லாத இடத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாகப் பத்து முறை, இடையில் ஆற விட்டு, பிரேக் போடுங்கள். சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். நீண்ட இறக்கத்தில் இறங்கி வந்து சரிவில் நிறுத்தும்போதும் இதே எச்சரிக்கை: சூட்டில் தடித்த டிஸ்க் ஆறும்போது சுருங்கும், கேபிள் பிடி தளரும், வண்டி தானே நகர்ந்துவிடலாம். வேறு வழியில்லாமல் நிறுத்தினால் லிவரை ஒரு கிளிக் கூடுதலாக இழுத்து, கியரிலும் போடுங்கள்.

வேறொருவரிடம் கொடுத்துச் சரிசெய்பவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள். லிவரை விட்டுவிட்டு, காலிப்பரின் கை தடுப்பில் முட்டி நிற்பதை டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பல வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றாமலே தெரியும். "நட்டு டைட் பண்ணிட்டேன்" என்ற பதில் மட்டும் வந்தால் சாவியை வாங்காதீர்கள்.