ஓவர்டிரைவ் பட்டன்: எப்போது விட்டுவைப்பது, எப்போது அணைப்பது

நான்கு கியர் ஆட்டோமேட்டிக் காரில் கியர் லிவரின் பக்கவாட்டில், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாருதியின் சியாஸ், 2022-க்கு முந்தைய எர்டிகா, ஜிம்னி ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஓவர்டிரைவ் (சுருக்கமாக ஓ/டி) என்னும் நான்காவது கியரைப் போடவும் அணைக்கவும் உள்ள பட்டன் இது. அழுத்தினால் மீட்டரில் ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு எரியும். விளக்குதான் எரிகிறதே, ஓவர்டிரைவ் வேலை செய்கிறது என்று நம்பி, புதுச்சேரியிலிருந்து சென்னை வரை மூன்றாவது கியரிலேயே போய்வருகிறவர்கள் உண்டு. விளக்கு எரிந்தால் ஓவர்டிரைவ் அணைந்திருக்கிறது என்று பொருள். எரியாமல் இருப்பதுதான் வண்டியின் இயல்பு நிலை. செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பல வண்டிகளில் எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓவர்டிரைவ் தானாகவே திரும்பிவிடும். பட்டன் உள்ளே அழுந்தியே நிற்கும் பழைய வகையில் அப்படி வராது. முந்தைய ஓனர் அணைத்தது அணைத்தபடியே கிடக்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் இருப்பது கோள் பற்சக்கரத் தொகுதி. நடுவில் சன் கியர். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன பினியன்கள், அவற்றைத் தாங்கும் கேரியர். வெளியே, உட்புறம் பல் வெட்டிய ரிங் கியர். சன், கேரியர், ரிங் இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்திவிட்டு இன்னொன்றைச் சுழற்றினால் மூன்றாவது வேறொரு வேகத்தில் சுழலும். எதைப் பிடிப்பது, எதைச் சுழற்றுவது என்பதை ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சுகள் தீர்மானிக்கின்றன. ஓவர்டிரைவில் சன் கியரைப் பிடித்து நிறுத்தி, எஞ்சினின் சுழற்சியைக் கேரியருக்குக் கொடுத்து, ரிங் கியர் வழியாக வெளியே எடுப்பார்கள். சன் கியரில் 30 பல், ரிங் கியரில் 70 பல் என்று வைத்துக்கொண்டால், கேரியர் ஒரு சுற்றுச் சுற்றும்போது ரிங் கியர் 1 + 30/70, அதாவது ஏறத்தாழ 1.43 சுற்றுச் சுற்றிவிடும். இதையே எஞ்சின் பக்கமிருந்து சொன்னால், வெளியே ஒரு சுற்றுக்கு எஞ்சின் 0.7 சுற்று; இதுதான் கியர் விகிதம் 0.7.

நான்கு கியர் பெட்டிகளில் விகிதங்கள் பொதுவாக 2.8, 1.55, 1, 0.7 என்ற அளவில் இருக்கும். மூன்றாவது கியரில் எஞ்சினும் கியர்பாக்ஸின் வெளிமுனையும் ஒரே வேகம். நான்காவதுதான் ஓவர்டிரைவ், பட்டனை அழுத்தும்போது நாம் செய்வது அந்த ஒரு கியரைப் பூட்டி வைப்பது, வேறொன்றும் இல்லை. 1934-ல் கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ காரில் ஓவர்டிரைவ் வந்தபோது அது மேனுவல் கியர்பாக்ஸுடன் சேர்ந்த ஏற்பாடு. ஆட்டோமேட்டிக்கில் அது பரவலானது 1973 எண்ணெய் நெருக்கடி எல்லாரையும் மைலேஜ் கணக்குப் பார்க்க வைத்த பிறகுதான்.

மைலேஜ் எப்படிக் கூடுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. 185/65 ஆர்15 டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். மணிக்கு 80 கி.மீ.யில் சக்கரம் நிமிடத்துக்கு 683 சுற்றுச் சுற்றும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிஃபரென்ஷியலின் விகிதம் 4.1 என்று எடுத்துக்கொண்டால், மூன்றாவது கியரில் எஞ்சின் 2,800 ஆர்.பி.எம்.; ஓவர்டிரைவில் 1,960. சமதளத்தில் 80-ல் போக ஒரு நடுத்தர செடானுக்குத் தேவைப்படுவது 7 அல்லது 8 கிலோவாட்தான், அதாவது சுமார் 10 குதிரைத்திறன். வேலை இவ்வளவு குறைவாக இருக்கும்போது எஞ்சினை 2,800-ல் சுழற்றினால், எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வால்வு பெரும்பாலும் மூடியே இருக்கும். பிஸ்டன்கள் அந்தச் சிறு இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் பாடுபடும். உராய்விலும் பெட்ரோல் வீணாகும். 1,960-ல் த்ராட்டில் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும், இழப்பு குறையும், சத்தமும் அடங்கும். ஓவர்டிரைவ் வண்டிக்குப் புதிதாகச் சக்தி எதையும் கொடுப்பதில்லை. சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையைக் குறைத்துத்தான் சுழற்சியை மிச்சப்படுத்துகிறது. பிக்கப் வேண்டிய இடத்தில் அதை அணைக்கச் சொல்வது இதனால்தான்.

கடலூர், புதுச்சேரி சாலைகள் பெரும்பாலும் சமதளம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் நோக்கிப் போகும்போதும், திண்டிவனம் நான்குவழிச் சாலையிலும், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும்போதும் பட்டனைத் தொடவே வேண்டாம். எஞ்சின் சூடாகியிருந்து, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்தால், பொதுவாக 45 முதல் 65 கி.மீ. வேகத்துக்குள் நான்காவது கியர் தானாக விழும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது டார்க் கன்வெர்ட்டர். அதன்பின் அதற்குள் இருக்கும், இரண்டையும் நழுவாமல் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடிக்கும். ஆர்.பி.எம். காட்டும் டாக்கோமீட்டரைக் கவனித்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது முள் பெரிதாக இறங்கும். சில நொடிகள் கழித்து மிதியில் எந்த மாற்றமும் இல்லாமல் இன்னும் 200, 300 ஆர்.பி.எம். இறங்கும், அதுதான் லாக்-அப். மைலேஜில் பாதிப் பலன் இந்த இரண்டாவது இறக்கத்தைச் சார்ந்தது என்பது என் கணிப்பு. ஆனால் இதைக் கவனிப்பவர்கள் குறைவு.

புதுச்சேரி நகருக்குள் கதை வேறு. ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம் பக்கம் சிக்னலுக்குச் சிக்னல் 30, 40-ல் போகிற வண்டிக்கு நான்காவது கியரே விழாது. பட்டன் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். தொல்லை வருவது அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போகும் சாலையில். ஊருக்கு ஊர் வேகத்தடை, பேரிகேட். நடுவில் கொஞ்ச தூரம் 50, 55. வண்டி நான்காவதுக்குப் போகும், உடனே மிதித்தால் மூன்றாவதுக்கு இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு கிளட்ச் நழுவி இன்னொன்று பிடிக்கிறது. நழுவுகிற அந்த நேரத்தில் பிறக்கும் சூடு நேராகக் கியர் ஆயிலுக்குப் போகிறது. ஒரே நிமிடத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஏறி இறங்கினால், அந்தத் துண்டுச் சாலைக்கு மட்டும் ஓவர்டிரைவை அணைத்து விடுங்கள். சாலை விரிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

மேம்பாலத்திலும் இதே விஷயம்தான். 30 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில், ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள வண்டி 60-ல் ஏறினால், ஏற்றத்துக்கு மட்டும் கூடுதலாக 8 கிலோவாட் வேண்டும். சமதளத் தேவையோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 13. ஓவர்டிரைவில் 60 கி.மீ. என்றால் எஞ்சின் 1,470 ஆர்.பி.எம்.-ல் இருக்கும், அந்தச் சுழற்சியில் இவ்வளவு சக்தி எடுக்கச் சுமார் 80 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்குவிசை தேவை. 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினால் முடியும், ஆனால் நிறைய மிதிக்க வேண்டும். அந்த மிதியைப் பார்த்ததும் கணினி மூன்றாவதுக்கு இறக்கிவிடும். ஒரே ஒரு மேம்பாலத்துக்குப் பட்டனைத் தேட வேண்டியதில்லை, வண்டியே பார்த்துக்கொள்ளும். ஆறு பேரும் பெட்டி படுக்கையுமாகக் கேப்பர் மலை ஏற்றத்தில் போகும்போதோ, டிக்கி நிறையச் சாமான்களோடு கோரிமேடு பக்கம் ஏறும்போதோ கியர் தடுமாறினால் அணைப்பது நல்லது. வடகிழக்குப் பருவக் காற்று எதிரே அடிக்கும் நாளில் சென்னை நோக்கி 90, 100-ல் போகும்போதும் இந்தத் தடுமாற்றம் வரலாம். அங்கே ஓவர்டிரைவை அணைப்பதைவிட வேகத்தை 80-க்குக் குறைப்பதே சரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அதைத் தாண்டத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் படியாகக் கூடுகிறது.

இருவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும்போது இரண்டு வழி உண்டு. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் வண்டி தானாகக் கீழ் கியருக்கு இறங்கும், ஆனால் ஒரு நொடி தயங்கும். எதிரே வண்டி இல்லை என்று உறுதியானதும் முன்கூட்டியே பட்டனை அழுத்தி மூன்றாவதுக்கு இறக்கிவிட்டு மிதித்தால் அந்தத் தயக்கம் இராது. ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும் என்ற பயம் தேவையில்லை. நமது கணக்கு வண்டியில் 100 கி.மீ.யில் மூன்றாவது கியர் 3,500 ஆர்.பி.எம்.-தான்.

பட்டனின் அவசியம் உண்மையிலேயே தெரிவது இறக்கத்தில். சேலம் வழியாக ஏற்காடு போய் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது ஓவர்டிரைவில் விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடிக்கவே பிடிக்காது. முழு பாரமும் பிரேக் பேடில் விழும். பேட் சூடேறி, பெடல் அழுத்தினாலும் வண்டி நிற்காத நிலை வரும். ஓவர்டிரைவை அணைப்பது முதல் படி. ஆனால் 40 கி.மீ.யில் மூன்றாவது கியர் என்றால் எஞ்சின் 1,400-ல்தான் இருக்கும், பெரிதாகப் பிடிக்காது. லிவரை ‘2’-க்கு இழுத்தால் சுமார் 2,200-க்கு ஏறும், அப்போது இழுப்பு நன்றாகத் தெரியும். வேகத்தைப் பிரேக்கில் குறைத்த பிறகு இழுக்க வேண்டும், 80-ல் போகும்போது இழுக்கக் கூடாது.

ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இந்தப் பட்டன் இருக்காது. அங்கே ஐந்தும் ஆறும் ஓவர்டிரைவ். மேனுவல் மோடிலோ ஸ்டியரிங் பின்னாலுள்ள பேடிலிலோ நான்காவதுக்கு இறக்கினால் அதே பலன். தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சி.வி.டி.யில் ‘எஸ்’ அல்லது ‘எல்’ அந்த வேலையைச் செய்யும். ஏ.எம்.டி. என்பது கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றும் மேனுவல் கியர்பாக்ஸ். அதில் டார்க் கன்வெர்ட்டரே இல்லை, அதனால் லாக்-அப் பேச்சுக்கும் இடமில்லை.

பட்டன் சரியாக இருந்தும் ஓவர்டிரைவ் விழவில்லை என்றால், கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்வதற்கு முன் எஞ்சின் சூட்டைப் பாருங்கள். கூலண்ட் 50, 60 டிகிரியைத் தொடும்வரை பல வண்டிகளில் கணினி நான்காவது கியரையும் லாக்-அப்பையும் அனுமதிக்காது. கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலோ, டெம்பரேச்சர் சென்சார் பழுதானாலோ, எஞ்சின் எப்போதும் ஆறியிருப்பதாகவே கணினி நினைக்கும். வண்டி மூன்றிலேயே ஓடும். சில நூறு ரூபாய்ப் பாகத்துக்காகக் கியர்பாக்ஸ் ஓவர்ஹாலுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. அடுத்தது வேக சென்சார், கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் ஷிஃப்ட் சாலினாய்டு, அவற்றின் ஒயர் கனெக்டர். கடல் காற்று படும் ஊரில் கனெக்டரில் பச்சை பூத்துப்போவது சாதாரணம். ‘ஓ/டி ஆஃப்’ விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் பல வண்டிகளில் அது பழுதின் அறிகுறி, ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். நான்காவதுக்கு மாறும்போது முள் இறங்காமல் ஒரு கணம் மேலே எகிறினால் கிளட்ச் நழுவுகிறது. ஆயில் மட்டத்தை அன்றே பாருங்கள்.

60, 70 கி.மீ.யில் மெல்லிய மிதியில் வண்டி நடுங்கினால் அது டயரா, லாக்-அப் கிளட்சா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஆக்சிலரேட்டரை எடுக்காமல் இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். லாக்-அப் உடனே விடுபடும். நடுக்கமும் அந்த நொடியே நின்றால் காரணம் அதுதான்; பல நேரம் ஆயிலை மாற்றினாலே சரியாகும். பின்னால் வண்டி வராத நேரத்தில் செய்து பாருங்கள்.

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த 2024 நவம்பர் 30 இரவுபோல் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால், வண்டியை இறக்காமல் இருப்பதே நல்லது. கடந்தே ஆக வேண்டும் என்றால் லிவரை ‘எல்’-லில் வைத்து மெதுவாக, நிற்காமல் போக வேண்டும். ‘டி’-யில் போனால் வண்டி நடுவில் கியர் மாற்றி எஞ்சினின் சுழற்சியைக் குறைத்துவிடும். கியர்பாக்ஸின் மேலுள்ள காற்றுத்துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், சிவப்பாகத் தெளிவாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறியிருக்கும். டிப்ஸ்டிக்கில் அந்த நிறத்தைப் பார்த்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் டோ செய்து கொண்டுபோங்கள். கிளட்ச் தட்டுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் தண்ணீரில் ஊறிப் பெயர்ந்துவிடும். அந்த நிலையில் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் ஆயிலை மாற்றுவதோடு வேலை முடியாது, கிளட்ச் தட்டுகளையும் மாற்ற வேண்டிவரும்.