பில்ட் ஆனால் மட்டும் போதாது, ஓட வேண்டும்

சேலத்தில் கடைகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொடுப்பது என் தொழில். லீ பஜார் பக்கம் ஒரே கம்ப்யூட்டரில் பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடும் கடைகள் உண்டு. லோடு இறங்கும் நேரத்தில் அது திணறினால், எதையும் நிறுத்தாமல், எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறக்கிறது என்று பார்க்க பிபிஎஃப்ட்ரேஸ் போன்ற டிரேசிங் கருவிதான் கைகொடுக்கும். அந்த நேரத்தில் கருவியே எரர் காட்டினால் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது?

அதனால்தான் பேக்கேஜிங், அதாவது மென்பொருளை இன்ஸ்டால் செய்யும் பொட்டலமாகக் கட்டுவதை, கற்றுக்கொள்ளும் நம்ம ஊர் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு பழைய பக்கைப் பற்றி விடாமல் சொல்கிறேன். உபுண்டு 20.04, 22.04 இரண்டிலும் பிபிஎஃப்ட்ரேஸ் சிக்கலில்லாமல் இன்ஸ்டால் ஆகும், ஆனால் ஸ்கிரிப்ட்டில் பிகின் (BEGIN, முதலில் ஓடும் பகுதி) இருந்தால் போதும், 'பிகின் டிரிகர்' என்ற சிம்பலை, அதாவது புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷனின் பெயரை, காணோம் என்று நின்றுவிடும். கருவியின் கோடில் தவறில்லை. பேக்கேஜ் கட்டும்போது சைஸைக் குறைக்க பைனரியிலிருந்து (ஓடத் தயாரான ஃபைல்) சிம்பல்களை உரித்து எடுப்பது உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் லினக்ஸின் வழக்கம், மற்ற மென்பொருளுக்கு அது நல்லதுதான், ஆனால் அந்தப் பதிப்புகளில் பிபிஎஃப்ட்ரேஸ் பிகின் பகுதியைத் தொடங்கத் தன் பைனரிக்குள்ளேயே அந்த சிம்பலைத் தேடிப் பிடிக்கிறது. உரித்துவிட்டால் எதைப் பிடிக்கும்? உரித்த சிம்பல்கள் இருக்கும் டிபக் சிம்பல் பேக்கேஜைத் தனியாகப் போட்டால் ஓடும், ஆனால் அவசரத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? குறிப்பிட்ட சிம்பலை மட்டும் விட்டுவை என்று, உரிக்கும் வேலையைச் செய்யும் ஸ்ட்ரிப் கட்டளையிடம் சொல்ல வழி இருக்கிறது, அதைப் பேக்கேஜ் கட்டுபவர்தான் செய்ய வேண்டும்.

இதை எந்த பில்ட் லாகும் காட்டாது, பேக்கேஜில் தவறு தேடும் லின்டியன் கருவியும் காட்டாது. ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும், அதுவும் கன்டெய்னருக்குள் (ஒரே மெஷினில் புரோகிராமைப் பிரித்து ஓட்டும் அறை) அல்ல. கன்டெய்னருக்குத் தனி கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, கிடையாது, ரூட் (நிர்வாகி) அனுமதியும் முழுசாக இருக்காது. இன்ஸ்டால் செய்த பேக்கேஜை ஓட்டிப் பார்க்கும் டெபியனின் ஆட்டோபேக்கேஜ்டெஸ்டில் ரூட் வேண்டும், தனி மெஷின் வேண்டும் என்று இரண்டையும் குறிப்பிடலாம். பிகின் உள்ள ஒரே வரி ஸ்கிரிப்ட் போதும்.

அப்புறம் கெர்னல். அதன் டேட்டா அமைப்புகள் தெரிந்தால்தான் டிரேசிங் கருவி அவற்றைப் படிக்கும். லினக்ஸ் 5.2 முதல் கெர்னல் தன் டேட்டா அமைப்புகளின் விவரத்தை பிடிஎஃப் (BTF) என்ற வடிவில் தன்னோடே வைத்துக்கொள்ள முடியும், கட்டும்போது அந்தத் தேர்வைப் போட்டிருந்தால். இல்லையென்றால் அந்த விவரம் எழுதிய, தனியாக இன்ஸ்டால் ஆகும் ஹெடர் ஃபைல்களை நம்ப வேண்டும். கடை மெஷின்களில் அப்டேட் வந்திருக்கும், ரீபூட் செய்திருக்க மாட்டார்கள். ஹெடர் புதிது, ஓடுகிற கெர்னல் பழையது, இரண்டும் பொருந்தாது. இது பேக்கேஜின் குறை இல்லை, ஆனால் பக் புகார் பேக்கேஜ் கட்டும் உங்களிடம்தான் வரும். ஓடுகிற கெர்னலின் பதிப்பை முதலில் கேட்டு வாங்குங்கள்.